வானத்து மேல பழி போடாதீங்க

நடுவர் அவர்களே, எதிரணியில உக்காந்திருக்கற நண்பர்களே, அரங்கத்துல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு நமக்குக் குடுத்திருக்கற தலைப்பு, உள்நாட்டு விமானத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்பாடு சுமாரா இருக்கறதுக்குக் காரணம் வானமா, நிர்வாகமா. சுமாரா இருக்குங்கறதுல ரெண்டு அணிக்கும் சண்டை கிடையாது. யாரால அப்படி ஆச்சுங்கறதுலதான் வழக்கு. நான் நிர்வாகம்தான்னு வாதாட வந்திருக்கேன். உள்நாட்டு ரூட்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்னே பேர் வச்சு பெரிய அளவுல இன்னைக்கும் டிக்கெட் விக்கற நாடு அமெரிக்கா, அதனால என் சாட்சிங்க பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ரொம்ப அழகா பேசினாங்க. மேல போனா நாக்குல ருசி தெரியாது, கேபின் காத்துல ஈரப்பதம் கிடையாது, இன்ஜின் சத்தம் காதை அடைக்குது, அடுப்பு பத்தவைக்க முடியாது, இவ்வளவும் இருக்கும்போது விமானக் கம்பெனி என்னதான் பண்ணும்னு கேட்டு கைதட்டும் வாங்கிட்டுப் போனாங்க. அவங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் இல்லன்னு சொல்லப் போறதில்ல. அத்தனையும் உண்மை. அதே உண்மையை வச்சுத்தான் நான் என் கட்சியைப் பேசப் போறேன்.

கேபினுக்குள்ள இருக்கற காத்தழுத்தம் கிட்டத்தட்ட 6,000-லருந்து 8,000 அடி உயர மலையில நிக்கற மாதிரி இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், மூக்கு காஞ்சுபோகும், மூக்கு காஞ்சா வாசனை தெரியாது, வாசனை போனா பாதி ருசி போச்சு. சரி. இதை யார் கண்டுபிடிச்சாங்க? ஜெர்மனியில மியூனிக் பக்கத்துல ஹோல்ஸ்கிர்ஷன்ல ஃப்ரான்ஹோஃபர்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க பழைய ஏர்பஸ் ஏ310 விமானத்தோட முன்பகுதியை அப்படியே ஒரு அழுத்தக் குழாய்க்குள்ள வச்சு, ஆளுங்களை உக்கார வச்சு, அழுத்தத்தைக் குறைச்சு சாப்பாடு குடுத்துப் பாத்தாங்க. உப்பு 20-லருந்து 30 சதவீதம் கம்மியா தெரியுது, இனிப்பு 15-லருந்து 20 சதவீதம் கம்மியா தெரியுதுன்னு வந்துச்சு. தரையில மக்கின வாடை அடிக்குதுன்னு சொன்ன தக்காளி ஜூஸ், அழுத்தம் குறைஞ்சதும் பழ ருசியோட இருக்குன்னு அதே ஆளுங்க சொன்னாங்க. நடுவர் அவர்களே, இந்த ஆராய்ச்சி வந்தது 2010-ல. பண்ணச் சொன்னதே லுஃப்தான்சா, ஒரு விமானக் கம்பெனி! 2015-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல இன்னொண்ணு பண்ணாங்க, கேபின்ல இருக்கற மாதிரி 85 டெசிபல் சத்தத்தை ஹெட்ஃபோன்ல போட்டுவிட்டு ருசி பாக்கச் சொன்னா, இனிப்பு மங்குது, ஆனா உமாமி, அதாவது தக்காளி, காளான், சோயா சாஸ், முத்தின சீஸ் இதுலல்லாம் வர்ற அந்த ஆழமான ருசி, அது கூடுது.

அப்போ வானம் உப்பையும் இனிப்பையும் கொஞ்சம் புடுங்கிக்கிச்சு, பதிலுக்கு உமாமியைக் கையில குடுத்துட்டுப் போயிருக்கு. எது குறையும், எது கூடும்னு எண்ணிக்கையோட எழுதிக் குடுத்துட்டாங்க. இதுக்கு அப்புறமும் உப்புசப்பில்லாத வெள்ளை சாஸ்ல ஒரு கோழித் துண்டை முக்கி ஏத்தி அனுப்பினா அதுக்கு வானம் எப்படிங்க பொறுப்பாகும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான் இது, இங்க என்னன்னா கூடம் எத்தனை டிகிரி கோணல்னு அளந்து கையில குடுத்தும் அதுக்கேத்த ஆட்டத்தைப் பழகல.

கோழின்னு சொன்னதால அந்தத் துண்டையே கொஞ்சம் கிட்ட வச்சுப் பாப்போம். ஒரு உள்நாட்டு விமானத்துல, கம்பெனி பேர் வேண்டாம், மதிய நேரம், முன்னால ஃபர்ஸ்ட் கிளாஸ்ல எனக்கு வந்த தட்டு. சின்ன பீங்கான் பாத்திரம், மேல அலுமினிய ஃபாயில். ஃபாயிலைப் பிரிச்சா கோழி நெஞ்சுக்கறி, ஓரமெல்லாம் சுருங்கி கெட்டியா ரப்பர் மாதிரி, நடுவுல கத்தியை வச்சா நார் நாரா பிரியுது, கீழ இருந்த சாதம் ஓரத்துல பொறிஞ்சு நடுவுல சில்லுனு, சாஸ் பாத்திரத்தோட சுவர்ல காஞ்சு கறையா ஒட்டிக் கிடக்கு. பக்கத்துல ஒரு பன், தொட்டாலே ஃப்ரிட்ஜ்லருந்து இப்பதான் எடுத்ததுன்னு தெரியுது. பசி இருந்தும் பாதிக்கு மேல இறங்கல.

இது ஏன் இப்படி ஆகுது? விமானத்துல யாரும் சமைக்கறதில்ல. விமான நிலையத்துக்குப் பக்கத்துல பெரிய கிச்சன் இருக்கும், அங்க முக்கால்வாசிக்கு மேல சமைச்சு, உடனே பிளாஸ்ட் சில்லர்ல, அதாவது வேகமா குளிர வைக்கற பெட்டியில போட்டு 5 டிகிரிக்குக் கீழ கொண்டு வந்து, தட்டுல அடுக்கி, தள்ளுவண்டியில பூட்டி, லாரியில ஏத்தி விமானத்துக்குக் கொண்டு வருவாங்க. சில ரூட்ல திரும்பி வர்ற ஃப்ளைட்டுக்கும் சேர்த்து கிளம்பற ஊர்லயே ஏத்திடுவாங்க, அது இன்னும் பல மணி நேரம் குளிர்லயே கிடக்கும். மேல போனதும் கேலி (galley), அதாவது விமானத்தோட குட்டி சமையல் மூலை, அங்க இருக்கற கன்வெக்ஷன் அவன்ல (oven) சூடு பண்ணுவாங்க, சூடான காத்தை விசிறி அடிக்கற அடுப்பு அது. ரெண்டு தடவை சூடு படுது, நடுவுல ஒரு குளிர். கொழுப்பே இல்லாத நெஞ்சுக்கறி இதைத் தாங்குமா? வீட்ல கூட தாங்காது. அதே கோழியோட தொடைக்கறி தாங்கும், கொழுப்பு இருக்கு. குழம்பா நிறைய சாஸோட மெதுவா வேக வச்ச எந்தக் கறியும் தாங்கும், மறுபடி சூடு பண்ணா இன்னும் கூட நல்லா இருக்கும். சைவத்துலயும் பருப்பு, தக்காளி, காளான் போட்ட குழம்பு வகை எல்லாம் தாங்கும். சில கம்பெனி மெனுவுல மெதுவா வேக வச்ச ஷார்ட் ரிப், அதாவது மாட்டு விலாக்கறி வந்தா அடிக்கடி பறக்கறவங்க அதைத் தேடிப் பிடிச்சு முன்கூட்டியே ஆர்டர் போட்டுடறாங்க, எது தாங்கும்னு சாப்பிடறவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நெஞ்சுக்கறியா தொடைக்கறியா, கிரில்லா குழம்பாங்கற முடிவு 35,000 அடி மேல எடுக்கற முடிவு இல்லீங்க. தரையில, ஏசி ரூம்ல, மேஜையைச் சுத்தி உக்காந்து எடுக்கற முடிவு.

எதிரணி நண்பர் பாதுகாப்பைப் பத்தியும் சொன்னாங்க, விஷமாயிட்டா என்ன பண்றது, அதனாலதான் பயந்து பயந்து சமைக்கறாங்கன்னாங்க. நியாயமான கவலை. 1975-ல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு ஆங்கரேஜ்லருந்து கோபன்ஹேகன் போகும்போது கிட்டத்தட்ட 200 பேருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. உள்நாட்டு ஃப்ளைட் இல்ல, ஆனாலும் சொல்றேன். காரணம் என்னன்னு பாத்தா, தரையில கிச்சன்ல ஒருத்தர் விரல்ல புண்ணோட ஹாம், அதாவது பதப்படுத்தின பன்றி இறைச்சியை எடுத்து வச்சிருக்கார், அது மணிக்கணக்கா சரியான குளிர் இல்லாம கிடந்திருக்கு. அங்கயும் தப்பு நடந்தது கீழதான். குளிரைச் சரியா வச்சுக்கிட்டா குழம்பும் பாதுகாப்புதான், காஞ்ச கோழியும் பாதுகாப்புதான், அப்புறம் எதுக்கு காஞ்ச கோழி?

இப்போ வரலாறு. 1978 வரைக்கும் அமெரிக்காவுல உள்நாட்டு டிக்கெட் விலையை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டுன்னு ஒரு அரசு அமைப்புதான் கட்டுப்படுத்தினது. விலையில போட்டி போட முடியாது. அப்போ எதுல போட்டி போடறது? சாப்பாட்டுல, உபசரிப்புல. இறைச்சியைத் தள்ளுவண்டியில கொண்டு வந்து சீட்டுப் பக்கத்துலயே அறுத்துப் பரிமாறின காலம் அது. 1970கள் ஆரம்பத்துல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னோட 747 விமானத்துல பியானோவே வச்சிருந்தது, அதுவும் சாதாரண வகுப்புக்காரங்களுக்கு. 1978 அக்டோபர்ல ஜிம்மி கார்ட்டர் கட்டுப்பாட்டை நீக்கற சட்டத்துல கையெழுத்துப் போட்டார். டிக்கெட் விலை இறங்குச்சு, நிறைய ஜனங்க பறக்க ஆரம்பிச்சாங்க, அது ரொம்ப நல்ல விஷயம், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் சாப்பாடு கணக்குப் புத்தகத்துல ஒரு செலவு வரியா மாறிடுச்சு. நான் கேக்கறது இதுதான், 1978-ல வானம் மாறுச்சா? அப்பவும் ஜெட் விமானம்தான், அதே 30,000 அடி சொச்சம்தான், அதே வறண்ட காத்துதான், சத்தம் இன்னைக்கு விட அதிகம்.

1987-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல் ஃபர்ஸ்ட் கிளாஸ் சாலட்லருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுக்கச் சொல்லி வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடிச்சார்னு மேனேஜ்மென்ட் வகுப்புல இன்னைக்கும் பெருமையா சொல்லித் தர்றாங்க. எனக்கு அந்தக் கதையைக் கேட்டா வருத்தமாத்தான் இருக்கு. ஒரு ஆலிவ் போனதுல யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஒத்துக்கறேன். ஆனா அடுத்தது எது, அதுக்கு அடுத்தது எதுன்னு தட்டைப் பாக்கற பார்வையே மாறிடுச்சே, சாப்பிடறவர் கண்ணால பாக்க வேண்டிய தட்டை கணக்கர் கண்ணால மட்டும் பாக்க ஆரம்பிச்சுட்டாங்களே, அதுதான் வருத்தம்.

தூரக் கணக்கு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் 800, 900 மைலுக்கு மேல போனாத்தான் தட்டுல சாப்பாடு, அதுக்குக் கீழன்னா ஒரு கூடையில சிப்ஸும் பிஸ்கட்டும் கொண்டு வந்து எடுத்துக்கோங்கன்னு நீட்டுவாங்க. சிகாகோ நியூயார்க் சுமார் 740 மைல், கதவு மூடினதுலருந்து திறக்கற வரை ரெண்டரை மணி நேரம் ஆகும், சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துல கிளம்பினாலும் கூடைதான். ரெண்டு மணி நேரப் பயணத்துல சூடா பரிமாற நேரம் பத்தாதுன்னா ஏத்துக்கறேன், ஆனா நல்ல குளிர்ந்த சாப்பாடுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கே, நல்ல சாண்ட்விச், நல்ல பாஸ்தா சாலட், அடுப்பே வேண்டாம், அதுக்கு எந்த வானம் தடை?

சரி, முன்னெல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டைப் பெரும்பாலும் அடிக்கடி பறக்கறவங்களுக்கு இலவச அப்கிரேடா குடுத்துட்டிருந்தாங்க, ஓசியில வர்றவங்களுக்கு இது போதும்னு நினைச்சிருக்கலாம். இன்னைக்கு அந்த சீட்டுல முக்கால்வாசியைக் காசுக்குத்தான் விக்கணும்னு கம்பெனிங்களே முனைப்பா இருக்காங்க. காசு வாங்கிட்டா கடமை வந்துடுதுங்க.

இதுல எனக்கு மனசு கஷ்டப்படறது பணிப்பெண்களையும் பணியாளர்களையும் நினைச்சுத்தான். ஒரு 737 விமானத்துல முன்னால 16 சீட்டுன்னா பெரும்பாலும் ஒரே ஒருத்தர்தான் அத்தனை பேருக்கும் பரிமாறணும். ரெண்டு வகை சாப்பாடு பாதிப் பாதியா ஏத்தி விட்டிருப்பாங்க, கடைசியில உக்காந்திருக்கறவர்கிட்ட வரும்போது ஒரு வகை தீந்துபோயிருக்கும். "சாரி சார், பாஸ்தா மட்டும்தான் இருக்கு"ன்னு அவங்கதான் குனிஞ்சு சொல்லணும், அவர் இறைச்சி சாப்பிடறவரா இருந்தா பரவால்ல, நேர்மாறா சைவம் சாப்பிடறவருக்கு கோழி மட்டும் மிச்சம்னா அவர் அன்னைக்குப் பட்டினி. மெனு போட்டவர் அங்க இல்ல, எண்ணிக்கை குறைச்சவர் அங்க இல்ல, திட்டு வாங்கறது மட்டும் இவங்க. இப்போ முன்கூட்டியே ஆப்ல ஆர்டர் பண்ற வசதி வந்தது இந்த விஷயத்துல உண்மையான முன்னேற்றம், அதை நான் மனசாரப் பாராட்டறேன். பாருங்க, அதைச் சரி பண்ணதும் நிர்வாகம்தான். வானம் இறங்கி வந்து சரி பண்ணல.

கடைசியா என் பெரிய சாட்சி. 2014-ல ஜெட்புளூங்கற அமெரிக்க விமானக் கம்பெனி நியூயார்க் லாஸ் ஏஞ்சலஸ் ரூட்ல மின்ட்னு ஒரு உயர் வகுப்பு ஆரம்பிச்சாங்க. பெரிய விமானம் இல்ல, ஒற்றை நடைபாதை ஏ321. நியூயார்க் உணவகம் ஒண்ணோட சேர்ந்து மெனு போட்டு, 5 சின்ன தட்டுல உங்களுக்குப் பிடிச்ச 3 எடுத்துக்கோங்கன்னு குடுத்தாங்க, பாராட்டு குவிஞ்சுது. சின்ன சமையல் மூலை, சின்ன அடுப்பு, அதே வறண்ட காத்து. முடிஞ்சுதே! அந்த ரூட்ல மத்த பெரிய கம்பெனிகளும் சாப்பாட்டுல தனி கவனம் எடுத்துக்கறாங்க, ஏன்னா அங்க போட்டி கடுமை, காசு குடுக்கற வாடிக்கையாளரும் அதிகம். அந்த ரூட் சுமார் 2,475 மைல். சியாட்டில்லருந்து மயாமி அதை விட தூரம், 2,700 மைலுக்கும் மேல, நேரமும் கூடத்தான், ஆனா அங்க ஏறினா வழக்கமான ஒத்தைத் தட்டு.

ரெண்டு ரூட்டுக்கும் மேல இருக்கறது ஒரே வானம். எனக்கு அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் வேற எதுக்கும் பதில் சொல்ல வேண்டாம், நியூயார்க் லாஸ் ஏஞ்சலஸ்காரருக்கு நல்ல சாப்பாடு குடுக்க முடிஞ்ச அதே கம்பெனியால சியாட்டில் மயாமிக்காரருக்கு ஏன் குடுக்க முடியலன்னு மட்டும் இந்த மேடையில சொல்லட்டும், கேட்டுக்கறேன். நன்றி, வணக்கம்.