டிரில் பைப் ஜாயிண்ட்டை எப்படிக் கழற்றுகிறார்கள்?

[காட்சி: ரிக் ஃப்ளோர் (கிணறு தோண்டும் அமைப்பின் வேலை மேடை), சேறு வழியும் பைப்]

ஊருக்குள் போர்வெல் லாரி வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க் கிணற்றிலும் அதே கதைதான், ஆனால் இங்கே ஒரு பைப்பே சுமார் 30 அடி, மூன்று சேர்ந்தது ஒரு ஸ்டாண்ட், 3,000 மீட்டர் ஆழத்தில் பிட், அதாவது அடியில் பாறையைக் குடையும் முனை, தேய்ந்தால் அதை வெளியே எடுக்க நூறு இடத்துக்கு மேல் கழற்ற வேண்டும், அப்புறம் அத்தனையையும் திரும்ப முறுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்கம் தெரியுமா? கார் சக்கர நட்டுக்கு 100 அடி-பவுண்டு போதும். 5 அங்குல டிரில் பைப்புக்கு 20,000-ஐத் தாண்டும்.

[காட்சி: இரண்டு டாங்]

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முதலில் பிடியை உடைப்பது, அதற்குப் பெரிய விசை, கொஞ்சூண்டு திருப்பம். டாங் என்பது பைப்பைக் கவ்வும் பெரிய இடுக்கி. கீழ் டாங் பாக்ஸை, அதாவது கீழ்ப் பைப்பின் உள்மரை உள்ள முனையை, கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும், மேல் டாங்கின் கையைக் கேபிள் இழுக்கும். 4 அடி கை, 6,000 பவுண்டு இழுவை என்றால் 24,000 அடி-பவுண்டு. ஆனால் இது கேபிளும் கையும் 90 டிகிரியில் இருந்தால்தான். 45 டிகிரி ஆனால் கிடைப்பது சுமார் 17,000, ஜாயிண்ட் அசையாது, ஆட்கள் பைப்பைத் திட்டுவார்கள்.

கீழ் டாங் எதற்கு, பைப்பைச் சுற்றிச் செருகும் ஆப்புகளான ஸ்லிப்ஸ்தான் பைப்பைப் பிடித்திருக்கிறதே என்று கேட்கலாம். ஸ்லிப்ஸ் எடையைத் தாங்கத்தான். முறுக்கையும் அதன் தலையில் கட்டினால் பைப் உடம்பில் பல் பதிந்துவிடும்.

பிடி விட்டதும் இரண்டாவது வேலை, மரை முழுக்கச் சுற்றிக் கழற்றுவது. சும்மா சுழற்றினால் வந்துவிடும். பழைய ரிக்குகளில் பைப்பைச் சுழற்றும் வட்ட மேடையான ரோட்டரி டேபிளையே சுற்றுவார்கள். திரும்ப முறுக்கும்போது பைப்பில் சங்கிலியை வீசிச் சுற்றி இழுப்பார்கள், அதில் விரல் போனவர்கள் உண்டு. அந்தச் சங்கிலியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

[காட்சி: அயர்ன் ரஃப்நெக்]

டாங்குக்குப் பதிலாக வந்த இந்த அயர்ன் ரஃப்நெக் மெஷினும் புதிதாக மந்திரம் எதுவும் செய்வதில்லை. கீழ்த் தாடை பிடிக்கும், மேல் தாடை ஹைட்ராலிக்கில் திருப்பி உடைக்கும், மேலே இருக்கும் உருளைகள் சுழற்றிவிடும். அதே இரண்டு வேலை, ஆள் மட்டும் தள்ளி நிற்கிறார்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பைப்பைக் கவ்வுகிற பல், அதாவது டை, அதில் கிரீஸும் துருவும் அடைத்துக்கொண்டால் எந்த மெஷினும் வழுக்கும். கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க வேண்டியதுதான்.