"சரிம்மா, டாக்டர் எப்ப வருவார்?"

(காட்சி: அமெரிக்க மருத்துவமனை. காலை ரவுண்ட்ஸ்.)

வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் 'டாக்டர்'. பத்து நிமிடம் நின்று பரிசோதித்து, மருந்தை மாற்றி எழுதி, ஏன் மாற்றினார் என்றும் விளக்கியாயிற்று. நோயாளி தலையாட்டிவிட்டுக் கேட்கிறார்: "சரிம்மா, டாக்டர் எப்ப வருவார்?"

அந்த ரெசிடெண்ட் (மருத்துவப் படிப்பை முடித்துச் சிறப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். இன்றைக்கு இது மூன்றாவது முறை.

இதன் பெயர் மைக்ரோஅக்ரஷன். கறுப்பின மக்கள் அன்றாடம் படும் சின்னச் சின்ன அவமதிப்புகளைக் குறிக்க, ஹார்வர்டு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் உருவாக்கிய சொல். திட்டும் இல்லை, அடியும் இல்லை. புகார் கொடுக்கப் போனால் என்னவென்று எழுதுவது?

"எந்த ஊர்?" என்பது நமக்கு உறவு தேடும் கேள்வி. அங்கே "சிகாகோ" என்று பதில் சொன்ன பிறகும், "அது சரி, உண்மையில எந்த ஊர்?" என்று மறுபடி கேட்பார்கள் பாருங்கள், முள் அங்கேதான் இருக்கிறது.

(திரையில்: 7,409)

அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை ரெசிடெண்ட்கள் இத்தனை பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு 2019இல் வெளியானது. பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகப் பெண்களில் 65 சதவீதம் பேர் சொன்னார்கள். யாரிடமிருந்து அதிகம்? நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும். வலியில் கிடப்பவரிடம் கோபித்துக்கொள்ளவா முடியும்?

அதனால்தான், இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ரெசிடெண்ட்களுக்குப் பயிற்சி. நோயாளியாக ஒரு நடிகர் படுத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பார். நடிப்புதானே என்று அலட்சியமாகப் போகிறவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சொல்லி வாயில் பழக்க வேண்டும்: "நான்தான் உங்கள் டாக்டர். நெஞ்சுவலி இப்போது எப்படி இருக்கிறது?" அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். பேச்சு உடனே சிகிச்சைக்குத் திரும்பிவிடுகிறது. உயிர் ஊசலாடும் நேரமென்றால் இதெல்லாம் அப்புறம், முதலில் வைத்தியம்.

என்னைக் கேட்டால், முதலில் பயிற்சி தர வேண்டியது பக்கத்தில் நிற்கும் அட்டெண்டிங்குக்கு, அதாவது ரெசிடெண்ட்டை மேற்பார்க்கும் சீனியர் டாக்டருக்கு. "உங்கள் டாக்டர் நான்தான்" என்று ரெசிடெண்ட்டே சொன்னால் ரோஷமாகத் தெரியும். "உங்கள் டாக்டர் இவர்தான்" என்று சீனியர் சொன்னால் வெறும் தகவல், பத்து நொடி வேலை. ஆனால் ரவுண்ட்ஸ் தொடங்கும் முன்பே வராந்தாவில் கேட்டுவிட வேண்டும்: "இப்படி யாராவது பேசினால் நான் சொல்லட்டுமா, நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா?"

சிலர் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். அப்போது சீனியர் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் பழக வேண்டும்.