தெப்பத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாலு நண்பர்கள் கூடினால் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நாமே ஒரு தெப்பம் கட்டி, ஆற்றோடு கடல் வரைக்கும் போய்விடலாம்டா." பெரும்பாலும் பேச்சோடு சரி. நிஜமாகவே கிளம்புகிறவர்களுக்கு, தெப்பம் மிதக்குமா என்பதுதான் முதல் கவலை. அது சின்னக் கவலை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் முழுதாக அமிழ்ந்தால் 200 கிலோ தண்ணீரை விலக்கும். பாதிதான் அமிழ வேண்டும் என்று வைத்துக்கொண்டு, டிரம்மின் சொந்த எடையையும் கழித்தால்கூட, பன்னிரண்டு டிரம்கள் ஏறத்தாழ ஒரு டன் தாங்கும். பலகை, ஆட்கள், சாமான், குடிதண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

கஷ்டம் திருப்புவதில் இருக்கிறது. சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் அதன்மீது தண்ணீர் பாய்ந்து போக வேண்டும். தெப்பமோ ஆறு ஓடும் அதே வேகத்தில் போகிறது. அதைச் சுற்றியுள்ள தண்ணீர் அதைப் பொறுத்தவரை நிற்கிற தண்ணீர்தான். சுக்கானை எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் இறக்கிய அந்தக் காலத் தொழிலாளர்கள், முன்னும் பின்னும் நீளமான துடுப்புகள் வைத்து அதைப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். ரைன் ஆற்றில் போன பெரிய மரத் தெப்பங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்று துடுப்பு இழுத்தார்கள். ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் மிஞ்சியிருக்கும் அந்த மரபை யுனெஸ்கோ 2022-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பக்கவாட்டில் நகர்த்துவது மெதுவாக நடக்கிற வேலை. வளைவு வந்தால் நீரோட்டம் வெளிக்கரைப் பக்கம் இழுக்கும். மண் அரித்து மரங்கள் சாய்ந்து கிடப்பதும் அங்கேதான். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும். தெப்பமும் ஆளும் மாட்டிக்கொள்வார்கள். பார்த்தால் சாதுவாகத் தெரியும், அதனாலேயே அருவியைவிட இதற்குப் பயப்படச் சொல்வேன். மரத்தைப் பார்த்த பிறகு துடுப்பை எடுத்தால் நேரம் போதாது. வளைவு கண்ணில் பட்டவுடனேயே உள்கரைப் பக்கம் ஒதுங்க ஆரம்பிக்க வேண்டும். மணல்திட்டில் தட்டினால் தட்டட்டும், இறங்கித் தள்ளிவிடலாம்.

ஆக, ஆபத்து எதுவும் தெரியாத நேரத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். சண்டை வருவது இங்கேதான். "இப்ப எதுக்குத் துடுப்பு? இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் தோன்றும். எல்லோரும் சமம் என்று பழகியவர்கள் நண்பர்கள். ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருந்தால் வளைவு வந்துவிடும்.

1898-ல் கனடாவில் குளோண்டைக் தங்கத்தைத் தேடிப் போனவர்கள் பென்னட் ஏரிக்கரையில் பனிக்காலம் முழுக்கத் தங்கி, தாங்களே மரம் அறுத்துப் படகும் தெப்பமும் கட்டினார்கள். மே கடைசியில் பனி உடைந்ததும் ஆயிரக்கணக்கில் யூகான் ஆற்றை நோக்கிக் கிளம்பினார்கள். பலகை அறுக்கும்போதே நட்பு முறிந்த கதைகள் ஏராளம். உயர்த்திக் கட்டிய மரத்தின் மேல் ஒருவர், கீழே ஒருவர். நடுவில் நீண்ட ரம்பம். கீழே இருப்பவர் கண்ணில் மரத்தூள் விழும். மேலே இருப்பவர் ரம்பத்தைத் தூக்கித் தூக்கித் தோள் நொந்து நிற்பார். தான் மட்டும்தான் உழைப்பதாக இருவருமே நினைப்பார்கள்! அப்புறம் ஆற்று வழியில் இருந்த மைல்ஸ் பள்ளத்தாக்கின் பாய்ச்சலில் படகுகள் நொறுங்கி ஆட்கள் மூழ்கியதும், காவல் அதிகாரி சாம் ஸ்டீல் ஓர் உத்தரவு போட்டார்: திறமையான மாலுமி இல்லாமல் எந்தப் படகும் அங்கே இறங்கக் கூடாது. யார் சொல்வதைக் கேட்பது என்ற கேள்வியை அங்கே போலீஸ் வந்து தீர்த்து வைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வேறு மாதிரி. நீளம் சுமார் 3,770 கிலோமீட்டர். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் தினம் எட்டு மணி நேரம் மிதந்தாலும் ஏறக்குறைய நாலு மாதம். மேல்பகுதியில் வரிசையாக அணைகளும் படகு இறக்கும் கதவணைகளும் இருப்பதால் பல இடங்களில் தண்ணீர் ஏரி மாதிரி படுத்துக் கிடக்கும். எதிர்க்காற்று அடித்தால் தெப்பம் பின்னால்கூடப் போகும். அங்கே சின்ன மோட்டார் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரக்குப் படகுக் கோவைகள் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். முன்னால் அருகில் இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. ஒதுங்க வேண்டியது நாம்தான், அதுவும் முன்கூட்டியே.

எனவே கிளம்பும் முன் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும்போது அன்றன்றைக்கு ஒருவர் சொல்வதுதான் முடிவு, முறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யாராவது ஒருவர், அது யாராக இருந்தாலும் சரி, "கரைக்கு விடு" என்று சொன்னால் கரைக்கு விட வேண்டும். ஏன் என்று கரையில் தெப்பத்தைக் கட்டிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். கட்டும்போது மேல்நீர்ப் பக்கக் கயிற்றை முதலில் கட்டுங்கள், இல்லையென்றால் தெப்பம் சுழன்றுவிடும். ராத்திரியில் நீர்மட்டம் ஏறி இறங்கும், கயிற்றில் தளர்வு விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. பயணம் முடிந்ததும் தெப்பத்தைப் பிரித்தாக வேண்டும். டிரம்களை ஆற்றில் விட்டுவிட்டு வரக் கூடாது. கட்டும்போது இருக்கும் உற்சாகம் அப்போது இருக்காது, ஒவ்வொருவருக்கும் ஊருக்குப் போக அவசரம் வந்துவிடும். யார் யார் கடைசி வரை நின்று ஆணி பிடுங்குவார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டு, வாக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.