வள்ளைத் தண்டுக்குள் என்ன இருக்கிறது?

கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கரை வழுக்குகிறது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் செருப்பு. மணி ஏழரை. மார்கழிக் குளிர் இன்னும் தண்ணீரை விட்டுப் போகவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பாசன வாய்க்கால் இது.

இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு இந்தப் பூதான் காரணம். தெரிகிறதா? இருங்கள், வெயிலை மறைத்துக் காட்டுகிறேன். புனல் மாதிரி விரிந்திருக்கிறது. ஓரமெல்லாம் வெளுத்த ஊதா, தொண்டைக்குள் போகப்போக நிறம் கெட்டியாகிறது. அகலம் என் பெருவிரல் நீளம்தான். மதியம் வந்தீர்கள் என்றால் இதைப் பார்க்க முடியாது. விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வாடிவிடும். நாளைக்கு இதே பூ மறுபடி விரியாது, பக்கத்து மொட்டு விரியும்.

வள்ளைக்கீரை. இலங்கையில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கங்குன், மலேசியா சிங்கப்பூர்க்காரர்களுக்குக் காங்கோங். உணவகத்தில் பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டு வதக்கித் தருவார்களே, அதேதான். தட்டில் பார்த்தவர்களில் எத்தனை பேர் பூவோடு பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கீரைக்காக வளர்ப்பவர்கள் பூக்கும் வரைக்கும் விடுவதில்லை.

மொட்டைப் பாருங்கள், முறுக்கி வைத்த துணி மாதிரி இருக்கிறது. மடக்கிய குடையைச் சுற்றிக் கட்டுவோம் இல்லையா, அந்தச் சுற்று. ஐந்து இதழ்கள் ஒன்றாக ஒட்டிப்போய்ப் புனலாகியிருக்கின்றன. விரிந்த பூவில் நட்சத்திரம் மாதிரி ஐந்து பட்டைகள் தெரிகின்றனவே, அவை குடைக் கம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மகரந்தத் தாள்கள் ஐந்து, ஆனால் ஒரே உயரம் இல்லை. இரண்டு நீளம், மற்றவை குட்டை. நடுவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூலகமுடி, இரட்டைக் குண்டுமணி மாதிரி. தேன் அடியில் இருக்கிறது. அதனால் வண்டு தலையை முழுக்க உள்ளே விட்டாக வேண்டும், முதுகில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அந்த மகரந்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். பூச்சியின் ரோமத்தில் சிக்கிக்கொள்ளத் தோதான உருவம். இதோ ஒரு வண்டு வருகிறது... போய்விட்டது. என் நிழலைப் பார்த்துவிட்டது.

பூவுக்காக வந்தேன் என்றாலும், நான் உங்களுக்குக் காட்ட நினைத்தது தண்டைத்தான்.

ஒரு கொடியை இழுக்கிறேன். வந்துகொண்டே இருக்கிறது பாருங்கள். இரண்டு மூன்று மீட்டர் சாதாரணமாக இருக்கும். இதைக் கொடி என்கிறோம், ஆனால் எதையும் சுற்றி ஏறுவதில்லை. இந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் கொம்பு கிடைத்தால் சுற்றிக்கொள்ளும். இதுவோ தண்ணீர் மேலே படுத்துக்கொண்டே போகிறது. அதற்கு எதைப் பிடித்து ஏற வேண்டும், தண்ணீரே தூக்கிப் பிடிக்கிறதே!

சரி, இரண்டு கணுவுக்கு நடுவில் நறுக்குகிறேன். கொஞ்சம் பால் வடிகிறது. இப்போது வெட்டு வாயைப் பாருங்கள். குழாய். சுத்தமான குழாய். இந்தத் துண்டைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து நசுக்குகிறேன். குமிழி! மறுபடியும், குமிழி. தண்டு முழுக்கக் காற்று. கொடி மிதப்பது இதனால்தான். அதோடு, அடியில் இருக்கும் சேற்றில் காற்றே கிடையாது. கருப்பாக, முட்டை அழுகின வாடை வருமே, அந்தச் சேறு. அதில் இறங்கியிருக்கும் வேரும் மூச்சு விட வேண்டும். மேலே இருந்து காற்று போக வழி இருந்தால்தான் பிழைக்கும்.

சீனாவில் இந்தக் கீரைக்கு வைத்திருக்கும் பெயரே 'உள்ளே காலியான கீரை' என்றுதான் பொருள்படும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? அகநானூற்று 46ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. சேற்றில் நிற்பது அலுத்துப்போன ஒரு எருமை, ஊரே தூங்கும் ராத்திரியில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, பழனத்துக்குள், அதாவது நீர் நிறைந்த வயலுக்குள் இறங்குகிறது. மீன்கள் சிதறி ஓடுகின்றன. எருமை 'அம் தூம்பு வள்ளை'யை மிதித்துக் கலக்கிவிட்டுத் தாமரைப் பூவைத் தின்கிறது. தூம்பு என்றால் குழாய், உள்துளை. அழகிய குழாய்த் தண்டு உள்ள வள்ளை. இலையை விட்டுவிட்டு, பூவை விட்டுவிட்டு, தண்டின் துளையைச் சொல்கிறார் பாருங்கள். கையால் ஒடித்துப் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பாட்டில் அந்த எருமை யார் என்றால், பரத்தையிடம் போய்விட்டு வந்து வாசலில் நிற்கும் தலைவன். தோழி அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அது தனிக் கதை.

தாவரவியல் பெயர் ஐபோமியா அக்வாட்டிகா. ஐபோமியா என்றால் கிரேக்கத்தில் புழு மாதிரி என்று பொருள், நெளிந்து போவதால். நம்முடைய தூம்பு எவ்வளவோ தேவலை. அக்வாட்டிகா, தண்ணீரில் இருப்பது. இந்தப் பெயரை வைத்தவர் பீட்டர் போர்ஸ்கால், செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். டென்மார்க் மன்னர் அனுப்பிய குழுவோடு 1761இல் அரபு நாடுகளுக்குப் போனார். எகிப்து, அப்புறம் ஏமன். 1763இல் ஏமனிலேயே காய்ச்சலில் இறந்துபோனார், வயது 31. போன ஆறு பேரில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். அவர்தான் போர்ஸ்காலின் குறிப்புகளை 1775இல் புத்தகமாக வெளியிட்டார். வள்ளைக்கு அறிவியல் பெயர் அந்தப் புத்தகத்தில்தான் வந்தது. பெயர் வைத்தவர் அதை அச்சில் பார்க்கவே இல்லை.

இப்போது கணுவைப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் ஒரு இலை, நீளமான காம்போடு, அம்பு முனை மாதிரி. அதே கணுவில் அடிப்பக்கம் வெள்ளை வேர்கள் தொங்குகின்றன. அதாவது ஒவ்வொரு கணுவும் தனியாக ஒரு செடி ஆகிவிடும். வெள்ளம் வந்து கொடி அறுந்தாலும், எருமை மிதித்து அறுந்தாலும், அறுந்த துண்டு மிதந்து போய் இன்னொரு கரையில் ஒட்டிக்கொள்ளும். குழாயாக இருப்பதால் சுலபமாக ஒடிகிறது, குழாயாக இருப்பதால் ஒடிந்த பிறகும் முழுகாமல் போகிறது.

இதனால்தான் அமெரிக்காவில் இது கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. அங்கே மத்திய அரசின் தீங்கான களைகள் பட்டியலில் வள்ளைக்கு இடம் உண்டு. ஃப்ளோரிடாவின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளர்ந்து, தண்ணீருக்கு மேல் பாய் விரித்ததுபோல மூடிவிடுகிறது. வெளிச்சம் போகாது, தண்ணீர் ஓடாது. நாம் பத்து ரூபாய்க்குக் கட்டு வாங்கும் கீரை அங்கே குற்றவாளி! நியாயம்தான் என்று நினைக்கிறேன். இங்கே ஆடு மாடு தின்கிறது, நாமும் பறிக்கிறோம், கோடையில் வாய்க்கால் காய்கிறது. அங்கே இதையெல்லாம் யார் செய்வது?

இவ்வளவு நேரமாக அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது வந்து, "ஏம்மா, ஒரு கீரைக்கா இம்மாம் நேரம் படுத்துக் கெடக்குற?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஆமாம் ஐயா, கீரைக்குத்தான்.

அவருடைய ஆடுகள் போகும் பக்கம் பாருங்கள், கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு புதர். இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறதே, பூ கிட்டத்தட்ட அதே புனல். போன வருடம் ஒரு வீடியோவில் அதை வள்ளைப்பூ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அது நெய்வேலிக் காட்டாமணக்கு. இதே ஐபோமியா பேரினம்தான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, நச்சு. அதைத் தொடர்ந்து தின்னும் ஆட்டுக்கு நரம்பு கெட்டு, நடை தள்ளாடும். அடையாளம் எளிது. அது மரக்கட்டைத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும், வள்ளை படுத்துக் கிடக்கும். பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நான் கட்டினேன்.

இந்தப் பேரினமே அப்படித்தான், ஒரே பூவை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பிழைப்பு. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இவர்கள் வீட்டுப் பிள்ளைதான், அது சாப்பாட்டை மண்ணுக்குள் சேர்த்து வைக்கிறது. கடற்கரை மணலில் ஊதாப்பூவோடு ஓடும் அடும்பு தெரியுமா? அதுவும்தான். அதன் இலை நடுவில் பிளந்திருக்கும். லின்னேயஸ் அதைப் பார்த்து ஆட்டுக்கால் என்று பெயர் வைத்தார். குறுந்தொகையில் 'மானடி அன்ன கவட்டிலை அடும்பு'. ஒருவருக்கு ஆடு, இன்னொருவருக்கு மான். இரண்டுமே சரி.

சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதை வள்ளை இழுத்துக்கொள்ளும், ஈயம், காட்மியம் உட்பட. கழிவுநீரைச் சுத்தம் செய்யக்கூட இதை வளர்த்துப் பார்க்கிறார்கள். அதனால் சாக்கடை கலக்கும் குட்டையில் பறித்தது வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரில் வளர்ந்ததையும் பச்சையாகத் தின்னாதீர்கள், தட்டைப்புழுக்களின் இளம்பருவக் கூடுகள் நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கலாம். வேகவைத்தால் போதும். தண்டைத் தூக்கி எறியாதீர்கள், வதக்கினால் நறுக் நறுக்கென்று கடிபடுவது அந்தக் குழாய்தான். பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம். மூடி போட்டால் கறுத்துக் குழைந்துவிடும்.

வீட்டில் வளர்க்கப் பார்ப்பவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. பகல் குறுகும்போது இதற்குப் பூக்கிற நினைப்பு வரும். மார்கழியில் நான் பூவோடு உட்கார்ந்திருப்பது அதனால்தான். கீரை மட்டும் போதும் என்றால் பகல் நீண்ட மாதங்களில் தொடங்குங்கள், இலையாகவே தள்ளும்.

நான் மூன்று துண்டு எடுத்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கணு. பழைய தண்ணீர் பாட்டிலில் ஒரு கணு முழுகுகிற மாதிரி போட்டிருக்கிறேன். இதோ. வெயில் ஏறிவிட்டது, முதலில் காட்டினேனே அந்தப் பூ, அதன் விளிம்பு லேசாக உள்ளே வளைய ஆரம்பித்திருக்கிறது. நானும் கிளம்புகிறேன், காலெல்லாம் சேறு. பாட்டிலில் வேர் எத்தனை நாளில் வருகிறது என்று வியாழக்கிழமை காட்டுகிறேன்.