100 டாலருக்கு வந்தவர்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் பயந்துவிடாதீர்கள், விதிமுறைகளைப் பாடம் நடத்தப் போவதில்லை. குவார்ட்டர்பேக் யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு முறையும் பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா என்பது அவர் பாடு. அவர் அடிபட்டு வெளியே போனால் அந்த வருஷம் அணி அவ்வளவுதான் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

1972-ல் மியாமி டால்ஃபின்ஸ் அணி லீக் சுற்றில் 14 ஆட்டம், அப்புறம் நாக்அவுட்டில் 3, ஆக பதினேழையும் வென்றது. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரு தோல்வியும் ஒரு டிராவும் இல்லாமல், சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை வென்று முடித்த அணி இன்றுவரை அது ஒன்றுதான். 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கிட்டே வந்தது. வரிசையாக 18 ஆட்டம் வென்றுவிட்டு, கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது.

மியாமிக்கு வந்தவை எல்லாம் சுலபமான ஆட்டங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. லீக் சுற்றில் மோதிய அணிகளில் கான்சாஸ் சிட்டி, ஜயன்ட்ஸ் இரண்டுக்கு மட்டும்தான் அந்த வருஷம் தோல்வியைவிட வெற்றி அதிகம். குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் அதே வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆட்டத்திலேயே, சான் டியேகோவுக்கு எதிராக, குவார்ட்டர்பேக் பாப் கிரீஸுக்குக் கால் முறிந்து கணுக்காலும் பிசகிவிட்டது.

உள்ளே வந்தவர் எர்ல் மாரல். வயது 38. பால்டிமோர் கோல்ட்ஸ் அணி வேண்டாம் என்று கழற்றிவிட்டவரை, 100 டாலர் கட்டணம் கட்டி மியாமிக்கு எடுத்துவந்திருந்தார் பயிற்சியாளர் டான் ஷூலா.

இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968-ல் ஷூலா பால்டிமோரில் பயிற்சியாளர். வழக்கமான குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸ் அடிபட்டதால் மாரல் ஆடினார். அணி 13 ஆட்டம் வென்றது, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அப்புறம் 1969 ஜனவரியில் சூப்பர் பவுல். முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு தந்திர ஆட்டம். கோட்டருகே சக ஆட்டக்காரர் ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டுகிறார். மாரல் கண்ணில் அவர் படவில்லை. நடுவில் எறிந்தார், எதிரணி பிடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் ஷூலா அவரை உட்காரவைத்துவிட்டு யுனைடஸை இறக்கியும் பலனில்லை, நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. அன்றைக்குத் தன்னை உட்காரவைத்த அதே மனிதருக்காகத்தான் மாரல் மியாமியில் களம் இறங்கினார்.

அவர் தொடங்கிவைத்த 11 ஆட்டமும் வெற்றி. பஃபலோவிடம் ஒரே புள்ளியில் தப்பினார்கள், 24-23. பெரும்பாலும் பந்தை லாரி சாங்கா, மெர்க்குரி மோரிஸ் இருவரிடமும் கொடுத்து ஓடவிட்டார்கள். லீக் சுற்றில் பந்தோடு ஓடிய தூரம் சாங்காவுக்கு 1,117 யார்டு, மோரிஸுக்குச் சரியாக 1,000. ஒரே அணியில் இரண்டு பேர் ஆயிரத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. மோரிஸுக்கு முதலில் 991 என்றுதான் எழுதியிருந்தார்கள், படத்தைத் திரும்பப் பார்த்துத்தான் மீதி ஒன்பதைக் கொடுத்தார்கள்.

இனி பிட்ஸ்பர்க். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்று அது. அந்தக் காலத்தில் சொந்த மைதானம் யாருக்கு என்பது சுழற்சி முறையில் முடிவானதால், தோற்காத அணிதான் வெளியூர் போக வேண்டியிருந்தது. மூன்றாம் கால்பகுதியில், காலும் ஓரளவு தேறியிருந்த நிலையில், ஷூலா கிரீஸை உள்ளே அனுப்பினார். மாரல் மறுபடியும் பெஞ்சுக்கு. கிரீஸ் எறிந்த முதல் பந்தே சக ஆட்டக்காரர் பால் வார்ஃபீல்டுக்குப் போய் 52 யார்டு முன்னேற்றம். 21-17 வெற்றி. முடிவு சரி என்று ஆட்டம் காட்டிவிட்டது. ஆனாலும் பதினொரு ஆட்டம் வண்டியை ஓட்டியவரை ஓரமாக உட்காரச் சொல்ல நமக்கெல்லாம் நாக்கு எழுமா என்று தெரியவில்லை.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலீஸ், சூப்பர் பவுல். எதிரில் வாஷிங்டன், பந்தயக்காரர்களின் கணிப்பும் வாஷிங்டன் பக்கம்தான். மியாமி 14-0 முன்னிலை. இன்னும் இரண்டு நிமிடமும் சொச்சமும். ஒரு ஃபீல்டு கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தால், வருஷத்துக் கணக்கும் 17-0, ஆட்டத்தின் ஸ்கோரும் 17-0. பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க மண்டியிட்டு உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மாரல்தான்! உதைத்தவர் கேரோ யெப்ரேமியன், சைப்ரஸில் பிறந்தவர், பந்தைக் கையால் எறிந்து பழகாதவர். உதை தடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வந்தது. சும்மா அதன்மேல் விழுந்திருக்கலாம். எடுத்து எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து வழுக்கியது, பதறித் தட்டினார், மேலே எழும்பியது. வாஷிங்டனின் மைக் பாஸ் பிடித்துக்கொண்டு 49 யார்டு ஓடி மியாமியின் கோட்டைத் தாண்டிவிட்டார். 14-7.

மிச்ச நேரம் மியாமிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கடைசியில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக்கை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கியதோடு ஆட்டம் முடிந்தது. ஷூலாவைத் தோளில் தூக்கினார்கள். கைகொடுக்க வந்த ஒரு பையன் அவர் கைக்கடிகாரத்தை உருவிக்கொண்டு ஓட, உலகச் சாம்பியன் பயிற்சியாளர் தோளிலிருந்து இறங்கி, துரத்திப்போய் அதை வாங்கிக்கொண்டு வந்தார்.