வண்டிக்குள் இருப்பவரே முழுதாக அறிவார்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் ரயில் அன்பர்களே, வணக்கம். பழைய நீராவி எஞ்சின் இழுக்கும் சிறப்பு ரயிலின் முழு அனுபவம் அதில் பயணம் செய்பவருக்கா, வழியோரம் நின்று படம் பிடிப்பவருக்கா என்பது இன்றைய தலைப்பு. பயணம் செய்பவருக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். பெட்டிக்குள் உட்கார்ந்தவருக்கு எஞ்சினே கண்ணில் படாது என்றார். பயணம் அன்றோடு முடிந்துவிடும், படம்தான் நிற்கும் என்றார். இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு பாதை போதும். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் செட்டில்–கார்லைல் பாதை. 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வே தன் கடைசி நீராவிப் பயணிகள் சிறப்பு வண்டியை இந்த வழியாகத்தான் விட்டது. கட்டணம் 15 கினி, அதாவது பழைய ஆங்கிலப் பணக் கணக்கு. மறுநாளே பிரதான பாதைகளில் நீராவிக்குத் தடை. 1971 அக்டோபரில் தடை தளர்ந்தது. அதன் பலனாக இன்றும் சிறப்பு வண்டிகள் அந்த மலையேறுகின்றன.

செட்டில் சந்திப்பிலிருந்து மலைமேல் இருக்கும் பிளே மூர் வரை ஏறக்குறைய 15 மைல், பெரும்பகுதி நூறடிக்கு ஓரடி ஏற்றம். நீலகிரி மலை ரயிலைப் பார்த்த நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. அங்கே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி. ஆனால் அங்கே பல்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிறது, எஞ்சின் தள்ளுவது சில பெட்டிகள்தான். இங்கே வெறும் இரும்புச் சக்கரம், வெறும் இரும்புத் தண்டவாளம். ‘டச்சஸ் ஆஃப் சதர்லேண்ட்’ எஞ்சின், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியோடு, சுமார் 160 டன். 12 பெட்டி, ஆட்களோடு இன்னொரு 430 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றத்தில் பூமியின் ஈர்ப்பு மட்டுமே வண்டியை ஏறக்குறைய 6 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. மணிக்கு 40 மைல் வேகத்தில் போனாலும் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓயாமல் உழைத்தாக வேண்டும்.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் வழியோரம் நிற்பவருக்குக் கிடைப்பது எவ்வளவு? அதே ஏற்றத்தில் இருக்கும் ரிப்பிள்ஹெட் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம். மணிக்கு 30 மைலில் போனாலும் எஞ்சின் அரை நிமிடத்தில் கடந்துவிடும். குளிர்ந்த காலையில், பக்கவாட்டு வெயிலில், வெண்புகை மேலெழ அந்த அரை நிமிடம் கிடைத்தால் அதைவிட அழகான படம் உலகில் குறைவு. மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடைக்க வேண்டுமே! காற்று உங்கள் பக்கம் வீசினால் புகை இறங்கி வண்டியை மறைக்கும். சரியான நொடியில் மேகம் வெயிலை மூடும். இரட்டைப் பாதை உள்ள இடத்தில் எதிர் வண்டி குறுக்கே வந்து நிற்கும். கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் வந்தால் நீராவி எஞ்சினையே எடுத்துவிட்டு டீசலை மாட்டி அனுப்புவார்கள். காரில் துரத்தி நான்கு இடத்தில் பிடிக்கிறோம் என்றார் எதிரணி நண்பர். நான்கு அரை நிமிடம், மொத்தம் இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுக்க எஞ்சின் பாடுபட்டது யாருடைய பதிவில் இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாது என்றீர்களே, காதுக்குத் தெரியும் ஐயா! டச்சஸுக்கு நான்கு சிலிண்டர், அதாவது நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளைகள். ஆனாலும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வேலை முடித்த நீராவி புகைபோக்கியில் நான்கு முறை வெடிப்பொலியோடு வெளியேறும், நான்கு வெடிப்புதான். ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற இன்னொரு எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். ஒரு சுற்றுக்கு ஆறு வெடிப்பு. டச்சஸின் ஓட்டுசக்கரம் 6 அடி 9 அங்குல விட்டம். மணிக்கு 40 மைலில் நொடிக்குச் சுமார் 11 வெடிப்பு. காதால் எண்ண முடியாது. பதிவைக் கணினியில் போட்டு அலைவடிவத்தில் பத்து நொடிக்கு எண்ணினால் 110 முகடு வரும். வண்டி அதே வேகத்தில் போகும்போது முகடுகள் மட்டும் திடீரென்று இரட்டிப்பானால் சக்கரம் வழுக்குகிறது என்று பொருள். ஈரத் தண்டவாளம், உதிர்ந்த இலை, நீராவியை அளந்துவிடும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் அதிகம் திறந்த கை, இவற்றில் ஏதோ ஒன்று. டிரைவர் ரெகுலேட்டரை மூடுகிறார், மணல் தூவுகிறார், மெல்லத் திறக்கிறார். இந்தப் போராட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பெட்டியில் இருப்பவர் கேட்கிறார். வேலியோரம் நின்றவருக்கு அது இரண்டு மைல் தள்ளி நடந்திருக்கும்.

இப்படிப் பதிவு செய்யவும் முறை இருக்கிறது. எஞ்சினுக்கு அடுத்த பெட்டி பெரும்பாலும் பராமரிப்புக் குழுவுக்கானது; ஆகவே பயணிகள் பெட்டிகளில் முதல் ஒன்றிரண்டில் இடம் பிடிக்க வேண்டும். மேல் சிறு கண்ணாடியைத் திறந்து, ரோமக் காற்றுத்தடுப்பு போட்ட மைக்கைத் திறப்புக்கு உட்புறமாக வைக்க வேண்டும். ஒலியளவைத் தானியங்கியில் விட்டால் வெடிப்புகளின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். கையால் அளவைத் தாழ்த்தி வைத்து, விசிலின் உரத்த ஒலிக்கு மேலே நிறைய இடம் விட வேண்டும். கேமராவை மேசையிலோ ஜன்னல் சட்டத்திலோ ஊன்றினால் பெட்டியின் அதிர்வு முழுக்கப் படத்தில் ஏறும். கையில் பிடித்தால் உடம்பே அதைத் தாங்கிக்கொள்ளும். லென்ஸைக் கண்ணாடிக்கு நெருக்கி, சுற்றிலும் கறுப்புத் துணி பிடித்தால் விளக்கின் பிரதிபலிப்பு போகும். எஞ்சினும் தெரியும் நண்பரே, வளைவின் உட்பக்கம் உட்கார்ந்தால்! 2,600 கெஜத்துக்கு மேல் நீளும் பிளே மூர் சுரங்கத்துக்கு முன்பே ஜன்னலை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் கரித்தூள் கண்ணிலும் லென்ஸிலும்தான்.

அடுத்து, படம்தான் நிற்கும் என்ற வாதம். 1904 மே 9 அன்று ‘சிட்டி ஆஃப் ட்ரூரோ’ எஞ்சின் தென்மேற்கு இங்கிலாந்தின் வெலிங்டன் சரிவில் இறங்கியபோது, சார்ல்ஸ் ரூஸ்-மார்ட்டன் என்ற பத்திரிகையாளர் பெட்டிக்குள் ஸ்டாப்வாட்சோடு இருந்தார். கால் மைலுக்கு 8.8 நொடி என்று குறித்தார். ஒரு மணிக்கு 3,600 நொடி; கால் மைல் என்பதால் அதில் கால் பங்கான 900-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு 102.3 மைல். நூறைத் தாண்டியதா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. காரணம், ஐந்தில் ஒரு நொடி வரைதான் காட்டும் கடிகாரம். ஒரு கோடு தள்ளி 9.0 என்று இருந்திருந்தால் சரியாக 100 மைல். சண்டை போடுவதற்கும் ஓர் ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தைத் தந்தவர் பயணி.

இன்றைய பயணி அதைவிட நல்ல ஆவணம் தர முடியும். பிரிட்டனில் கால் மைலுக்கு ஒரு மைல்கல். ஜன்னலுக்குள் இருந்தபடியே நேர் பக்கவாட்டில் கேமராவை வைத்து, மைல்கற்கள் சட்டகத்தின் நடுவைக் கடக்கும் ஃப்ரேம்களை எண்ணினால் போதும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் பிழை நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நூறு மைல் வேகத்திலும் கணக்கு மணிக்கு அரை மைலுக்கு மேல் தவறாது. ஏற்றத்தில் 22.5 நொடி வந்தால் 40 மைல், 25 நொடி வந்தால் 36 மைல். எந்த இடத்தில் வேகம் விழுந்தது, எங்கே மீண்டது என்பது வரிசையாக வந்துவிடும். போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள்; மலையை வெட்டிப் பாதை போட்ட ஆழ வெட்டுகளில் அது தடுமாறும், சுரங்கத்தில் செத்துவிடும். பின்னால் டீசல் எஞ்சின் தள்ளினாலும் கடைசிப் பெட்டிக்காரருக்குத் தெரியும். வழியோரப் படத்தில் அந்த டீசலை வளைவுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். பார்ப்பவர் நீராவி தனியாக இழுத்தது என்றே நம்புவார். அழகான படம் எல்லாம் உண்மையான பதிவாகிவிடாது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு அணியும் சேர்ந்தே பேச வேண்டும். 2016 பிப்ரவரி 25 அன்று, 42 லட்சம் பவுண்டு செலவில் புதுப்பித்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ லண்டனிலிருந்து யார்க் போனபோது, படமெடுக்கத் தண்டவாளத்தில் இறங்கியவர்களால் வண்டி நின்றது. மற்ற வண்டிகளும் தாமதமாயின. எதிரணியினர் வேலிக்கு வெளியே நிற்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்திலும் ஆபத்து உண்டு. 2018 டிசம்பரில் இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகே, ஒரு சாதாரண டீசல் விரைவு வண்டியில், ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிய பயணி மரக்கிளை மோதி இறந்தார். தலையோ கையோ கேமராவோ எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது. மைக் உள்ளே இருந்தாலே போதும் என்று சொன்னது அதற்காகத்தான்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரிக்கும், கொதிகலனைக் கழற்றிச் செய்யும் பெரிய பராமரிப்புக்கும் பணம் வேண்டும். அதில் டிக்கெட் வாங்கியவரின் பங்கு எப்போதும் இருக்கிறது. வேலியோரம் நிற்பவர் விரும்பினால் நன்கொடை தருவார். தருபவர்களும் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் இருக்கைகள் காலியாக இருந்தால் அடுத்த வண்டி கிளம்பாது.

கடைசியாக ஒன்று. டச்சஸின் டெண்டரில் 4,000 கேலன் தண்ணீர், நம் கணக்கில் சுமார் 18,000 லிட்டர். ஓடும்போதே தண்ணீர் அள்ளிக்கொள்ளும் தொட்டிகள் இன்று பாதையில் இல்லை. ஆகவே வண்டி வழியில் நின்று தண்ணீர் பிடித்தாக வேண்டும். செட்டில்–கார்லைல் பாதையில் ஆப்பிள்பி நிலையத்தில் நிற்கும். அப்போது பயணி நடைமேடையில் இறங்கி, எஞ்சினின் பக்கத்தில் போய் நின்று, இணைப்புத் தண்டையும் சிலிண்டரையும் டெண்டரில் தண்ணீர் விழுவதையும் நிதானமாகப் படம் பிடிக்கலாம். விசில் ஊதினால் ஏறி உட்கார்ந்து, வண்டி அசையும் முதல் வெடிப்பிலிருந்து பதிவைத் தொடரலாம். எதிரணியினர் படமெடுக்கும் எஞ்சினைப் பயணியும் எடுக்கிறார். பயணி கேட்ட ஏற்றத்தை எதிரணியினர் கேட்கவில்லை. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டுகிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.