சின்ன நிலநடுக்கம் வந்தா வீட்டுல எதைப் பார்க்கணும்? | லாபிஸ், ஜொகூர்

வணக்கம் மக்களே. லாபிஸ்ல, செம்பனைத் தோட்டத்தை ஒட்டின ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்பக்கத்துல நின்னு பேசுறேன். இந்தச் சுவத்தையும் இந்தக் கேஸ் தோங்கையும் (சிலிண்டரையும்) கிட்டத்துல காட்டணும், அதுக்காகத்தான் இந்த இடம்.

2025 ஆகஸ்ட் 24, ஞாயித்துக்கிழமை, காலையில 6.13-க்கு நம்ம பக்கத்துல இருக்கிற சிகாமட்ல நிலநடுக்கம். அளவு 4.1, ஆழம் 10 கிலோமீட்டர். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், தெற்கு பகாங் வரைக்கும் தெரிஞ்சுச்சு. அன்னைக்கே யோங் பெங் பக்கம் இன்னொண்ணு, அளவு 2.8. அப்புறம் வந்த நாள்லயும் சின்னச் சின்னதா ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு.

நிலநடுக்கம்னா சுமத்ராதான்னு நாம பழகிட்டோம். ரெண்டும் ஒண்ணு இல்லை. சுமத்ராவுல பெருசா ஆடுறப்ப, நமக்கு வந்து சேர்றது நீளமான, மெதுவான அலை. அது உயரமான கட்டடத்தைத்தான் அசைக்கும். கோலாலம்பூர்லயும் பினாங்குலயும் கொண்டோல இருக்கிறவங்க படியில இறங்கி ஓடுவாங்க, லாபிஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. சிகாமட் மாதிரி காலுக்குக் கீழயே வர்றது குட்டையான, வேகமான அலை. அது நம்ம ஒரு மாடி வீட்டைத்தான் உலுக்கும். 'டொம்'னு ஒரு சத்தம், ஜிங்க் கூரை கடகடங்கும், சில வினாடியில முடிஞ்சிடும். நிறையப் பேர் லாரி மோதிடுச்சுன்னுதான் முதல்ல நினைப்பாங்க.

அந்தச் சத்தத்துக்கும் உலுக்கலுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. முதல்ல வர்ற அலை வினாடிக்கு 6 கிலோமீட்டர் போல ஓடும், அடுத்து வர்ற, சுவத்தை அசைக்கிற அலை மூணரை கிலோமீட்டர் போல. நிலநடுக்க மையம் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தா உங்க கையில ரெண்டு வினாடி சொச்சம்தான். வாசலுக்கு ஓட அது பத்தாது. மேசைக்கு அடியில போகப் பத்தும்.

அதனால ஓடாதீங்க. குனிங்க, தலையை மறைங்க, மேசைக் காலைப் பிடிச்சுக்குங்க. படுக்கையில இருந்தா எழுந்திரிக்க வேணாம், குப்புறப் படுத்து தலையணையைப் பிடரி மேல வைங்க. கதவு நிலையில நிக்கச் சொல்றது பழைய காலத்துப் பேச்சு, இப்ப இருக்கிற வீட்டுல நிலை ஒண்ணும் சுவத்தை விட பலம் கிடையாது. வெளிய ஓடுறவங்களுக்கு அடி படுறதே வாசல்லதான், நழுவின ஓடு விழுற இடம் அது. தோட்டத்துல வேலையில இருந்தா செம்பனைக்கு அடியில நிக்காதீங்க. பழுத்த குலை ஒண்ணு 15, 20 கிலோ இருக்கும். மோட்டார்ல போறவங்க ஓரமா நிறுத்துங்க, மின்கம்பத்துக்குக் கீழ வேணாம்.

4.1-க்கு, ஒழுங்கா கட்டின வீடு இடிஞ்சு விழாது. 2015 ஜூன் 5-ல சபா மாநிலத்து ரானாவ்ல வந்தது 6.0, கினாபாலு மலையில 18 பேர் இறந்தாங்க. அதுல வெளிப்பட்ட சக்தி இதைப் போல ஏறக்குறைய 700 மடங்கு. நம்ம ஊர்ல ஆபத்து கூரைக்கு மேலயும் அடுப்படியிலயும்தான் இருக்கு.

ஆட்டம் நின்னதும் முதல் வேலை சாமி மேடை. காலையில விளக்கு ஏத்துற நேரம்னா, எண்ணெயோட சாஞ்ச காமாட்சி விளக்குதான் வீட்டுல முதல் நெருப்பு. எண்ணெய் நெருப்புல தண்ணி ஊத்தாதீங்க, நனைச்சுப் பிழிஞ்ச துணியால மூடுங்க. ஆடுற நேரத்துல அதை அணைக்கப் போகாதீங்க, நின்ன பிறகு.

அடுத்தது இந்த கேஸ் தோங். நம்ம வீட்டுல இருக்கிறது 14 கிலோ. அடுப்பு சுவிட்சை மட்டும் மூடினா போதாது, தோங்கு தலையில இருக்கிற ரெகுலேட்டரை மூடுங்க. இந்த கேஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும். அதனால ஜன்னலை விட பின்கதவைத் திறக்கிறதுதான் உதவும். வாடை அடிச்சா லைட் சுவிட்ச், ஃபேன் சுவிட்ச், மெயின் சுவிட்ச் எதையும் தொடாதீங்க. போடுறது மட்டும் இல்லை, அணைக்கிறதும் பொறி விடும். வெளிய வந்து அவசர எண் 999-க்குக் கூப்பிடுங்க. வாடை இல்லேன்னா பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கரைச்சு, டியூப்போட ரெண்டு முனையிலயும் தடவுங்க, ரெகுலேட்டரைத் திறங்க. நுரை முட்டை முட்டையா வந்தா அந்த டியூப்பை மாத்திடுங்க.

கூரைக்குள்ள இருக்கிற தண்ணி டாங்கியை யாரும் பார்க்கிறதில்லை. 200 கேலன் டாங்கி நிறைஞ்சிருந்தா 900 கிலோவுக்கு மேல கனம். உள்ள தண்ணி அலையடிச்சா டாங்கிக்கு ஒண்ணும் ஆகாது, கீழ குழாய் சேர்ற இடம்தான் விட்டுப்போகும். எல்லாப் பைப்பையும் மூடிட்டு வெளிய மீட்டரைப் பாருங்க. டாங்கி நிறைஞ்ச பிறகும் அரை மணி நேரமா முள்ளு சுத்திக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுது.

இனி விரிசல். இதைத்தான் நிதானமா சொல்லணும்னு வந்தேன்.

நிலநடுக்கம் வந்த அன்னைக்குத்தான் பலர் தங்களோட வீட்டுச் சுவத்தை முதல் தடவையா உத்துப் பார்க்கிறாங்க. பத்து வருசமா இருந்த விரிசல் எல்லாம் புதுசாத் தெரியும். டார்ச்சைச் சுவத்தோட ஒட்டிப் பிடிச்சு அடிச்சுப் பாருங்க. உள்ள தூசி, சிலந்தி நூல், பெயிண்ட் இறங்கி இருந்தா பழசு. ஓரம் கூர்மையா, உள்ள வெளுப்பா, கீழ தரையில பொடி விழுந்திருந்தா புதுசு.

இதோ இந்த இடம் பாருங்க. முன்னால இருக்கிறது டெவலப்பர் கட்டின வீடு, பின்னால இருக்கிறது அப்புறம் இழுத்துக் கட்டின அடுப்படி. ரெண்டுக்கும் அஸ்திவாரம் வேற வேற. சேர்ற கோட்டுல நேரா மேலிருந்து கீழ வரைக்கும் பிளந்திருக்கு. நம்ம தாமான்ல ரொம்ப அதிகமா காண்றது இதுதான், பார்க்கப் பயமா இருக்கும், ஆனா வீடு விழாது. தூணுக்கும் செங்கல் சுவத்துக்கும் நடுவுல முடி மாதிரி போற கோடும் அப்படித்தான், அங்க பூச்சுதான் விட்டிருக்கு.

ஜன்னல் மூலையில இருந்து சாய்வாப் போறது வேற வகை. சுவரைப் பக்கவாட்டுல தள்ளினா அப்படித்தான் கிழியும். ரெண்டு பக்கமும் தள்ளினா பெருக்கல் குறி மாதிரி விழும். அது சுவத்துக்கு மறுபக்கமும் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சு, 5 மில்லிமீட்டருக்கு மேல விரிஞ்சிருந்தா இன்ஜினியரைக் கூப்பிடுங்க. தூணோட தலையிலயோ காலிலயோ படுக்கை வாக்குல கோடு, கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியுது, நேத்து வரைக்கும் மூடின கதவு இன்னைக்கு இறுகுது, இதுல எது இருந்தாலும் அந்த வீட்டுல படுக்காதீங்க.

பழைய லயத்து வீடு பலகையா இருந்தா அது வளைஞ்சு கொடுக்கும். கவலை அதுக்குப் பின்னால கம்பி இல்லாம அரைக்கல் கனத்துல கட்டின அடுப்படிச் சுவருதான். கையால லேசா அழுத்தி அசையுதுன்னா பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

விரிசலைக் கண்ட உடனே சிமெண்ட் பூசிடாதீங்க. பூசிட்டா அது வளருதா நின்னுடுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. பென்சிலால ரெண்டு முனையிலயும் குறுக்கே கோடு போட்டு தேதி எழுதுங்க. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவுல 10 சென்டிமீட்டர். ரூலர் வெச்சு போட்டோ எடுங்க. முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் மாசம் ஒரு தடவை. மெல்லிசு கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் எபோக்சியால ஒட்டியும் வைக்கலாம், சுவர் நகர்ந்தா கண்ணாடி உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும். களிமண் நிலம்னா மழைக்காலம், வெயில்காலம் ரெண்டையும் பார்த்து முடிங்க, அது தானாவே ஊதும் சுருங்கும்.

அந்த போட்டோவுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. பேங்க் கடனோட வர்ற அடிப்படை தீ காப்பீட்டுல நிலநடுக்கம் சேராது, தனியா சேர்த்திருக்கணும். வீட்டுரிமையாளர் காப்பீடா இருந்தா பொதுவா சேரும். பாலிசியை எடுத்து அந்த வரியைத் தேடிப் படிங்க.

"இன்னைக்கு ராத்திரி பெருசா வரும்"னு வாட்ஸ்அப்ல குரல் பதிவு வந்தா அழிச்சிடுங்க. நேரம் குறிச்சுச் சொல்ல உலகத்துல எந்த ஆய்வகத்தாலயும் முடியாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை சொல்றது நடந்து முடிஞ்சதோட அளவு. பின்னதிர்வு வரலாம், நாள் போகப் போக அது குறையும்.

கடைசியா இந்த அடுப்படி இணைப்பை எப்படி அடைக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. சிமெண்ட் வேணாம், அது ரெண்டு கட்டடத்தையும் இறுக்கிக் கட்டும், அடுத்த ஆட்டத்துல பக்கத்துல புதுசாப் பிளக்கும். பழைய பூச்சைச் சுரண்டி 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுத்தமா வெட்டுங்க, தூசியை பிரஷ்ஷால எடுங்க, காய விடுங்க. உள்ள நுரைக்கயிறை (பேக்கர் ராட்) அழுத்தி வைங்க, அதுக்கு மேல சீலண்டுக்கு 10 மில்லிமீட்டர் ஆழம் விடுங்க. பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் 600 மில்லி பாக்கெட் ஒண்ணு 6 மீட்டருக்கு வரும். கூரைப் பக்கத்துல இருந்து தொடங்குங்க, மழைத்தண்ணி இறங்குறது அங்கதான்.